அத்தையின் கம்ப்யூட்டருக்கு நான் பார்த்த வைத்தியம்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று அப்பா அதற்கு முதலில் செய்தது, ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்திவிட்டதுதான். வட்டக்கானலில் மார்கழி பிறந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும், அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். மனுசருக்கே போர்வை இல்லாமல் முடியாத ஊரில், மதுரையிலிருந்து வந்த மெஷின் எப்படித் தாங்கும் என்பது அப்பாவின் நியாயம். அவர் கொடைக்கானல் ஏரிக்கரையில் குல்லாவும் ஸ்வெட்டரும் விற்பவர். குளிருகிறது என்று யார் சொன்னாலும் அவர் கை தானாகக் கம்பளிக்குத்தான் போகும்.

சால்வைக்குள் இருந்த கம்ப்யூட்டர் அரை மணி நேரம் ஓடும், பிறகு பட்டென்று அணைந்துவிடும். இரண்டு நாள் இப்படி ஆனதும் அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு இன்னொரு சால்வை கொண்டுவந்தார். அதன்பின் பத்து நிமிடத்தில் அணைந்தது. வைரஸ் என்றார் பக்கத்துக் கடைக்காரர். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார் எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்குத் தங்கியிருந்த பெங்களூர்க்காரர். நான் சால்வைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இட்லிச் சட்டி மாதிரிக் கொதித்தது. இரண்டு சால்வையையும் உருவிப் போட்டேன். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் சாயங்காலம் வரை அணையவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. அன்றிலிருந்து வட்டக்கானலில் நான் கம்ப்யூட்டர் டாக்டர்.

எனக்குத் தலைக்கனம் வந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். அக்கம்பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த நான்கு வீட்டுக்கும் நான் போய் வந்தேன். பிரிண்டர் அச்சடிக்க மாட்டேன் என்கிறதா, எழுத்துகள் திடீரென்று பெரிதாகிவிட்டதா, திரையின் கீழே இருக்க வேண்டிய பட்டை பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொண்டதா, கூப்பிடு அவளை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த முறை என்னிடம் இருந்தது. முதலில் அணைத்துப் போடு. கேட்காவிட்டால் ஒயர்களைப் பார். அப்படியும் கேட்காவிட்டால், கடைசியாக அதன் முன்னால் உட்கார்ந்தது யார், என்ன மாற்றினார்கள் என்று விசாரி. முதல் இரண்டையும் நான் தவறாமல் செய்வேன். மூன்றாவதை எங்கள் வீட்டில் மட்டும் செய்வதில்லை. ஏனென்றால் கடைசியாக உட்கார்ந்தது எப்போதும் அத்தைதான். கம்ப்யூட்டரே அவளுடையது. தன் பொருளை யாராவது தானே கெடுப்பார்களா?

அத்தை அப்பாவின் தங்கை. கொடைக்கானலில் ஒரு நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து எழுதப் பழக்கிக்கொண்டிருந்தாள். பி.எட். படிப்புக்கு அஞ்சல் வழியில் சேர்ந்து, அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினாள். பிள்ளைகளிடம் கலகலவென்று பேசுவாள். அண்ணன்மார் வீட்டில் இருந்தால் மட்டும் அவள் இருக்கிற இடம் தெரியாது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் நான் அவளுக்குப் பாடம் எடுப்பேன். சத்தம் வராவிட்டால் எங்கே பார்ப்பது, இன்டர்நெட் வராவிட்டால் என்ன செய்வது என்று அன்றன்று கற்றதையெல்லாம் அவள்மேல் கொட்டுவேன். அவளைப் போன்ற ஒரு மாணவி எந்த வாத்தியாருக்கும் கிடைத்திருக்க மாட்டாள். கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். சந்தேகம் வேறு கேட்பாள்.

அந்தத் தை மாதம் பெரியப்பா ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பு. எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளை பெரியம்மா வழியில் சொந்தம், சிங்கப்பூரில் வேலை. போட்டோ பிடித்திருந்தது, ஜாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்து ஒரு தடவை பேசிவிட்டால் போதும், பூ வைத்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் முடிவானது.

அத்தையிடம் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். “என்னம்மா சொல்ற?” என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். அத்தை தரையைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் பெண் தரையைப் பார்த்தால் சம்மதம் என்று அர்த்தம். என் அம்மாவும் அப்படித்தான் பார்த்தாளாம், பெரியம்மாவும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்லவிருக்கும் பெண் எதைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை முதல் நான்கரை வரை நல்ல நேரம். நான்கரை அடித்தால் ராகுகாலம். ராகுகாலத்தில் பெரியப்பா கடைக்கு உப்பு வாங்கக்கூட ஆள் அனுப்ப மாட்டார். ஆக, அந்த ஒரு மணி நேரத்துக்குள் பேசியாக வேண்டும். தவறினால் அடுத்த ஞாயிறுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வெள்ளனே பஸ் ஏறி, பத்துத் தேங்காயோடு வந்து இறங்கினார். மலைக் குளிர் அவருக்கு ஆகாது. குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு மூக்கு மட்டும் தெரியக் கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா கேசரி கிண்டினாள். அத்தை பச்சைப் பட்டில் வந்து நின்றாள். மூன்றரைக்கு மாப்பிள்ளையை அழைத்தோம். அவர் முகம் வந்தது, வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். அணைத்துப் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஸ்பீக்கரை இயக்கும் டிரைவர் என்ற புரோகிராமை அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினேன். அது ஏறுகிற வரை பெரியப்பா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிபியூவின் முதுகைத் திருப்பிப் பார்த்தால், பச்சை ஓட்டையில் இருக்க வேண்டிய ஸ்பீக்கர் ஒயர் பக்கத்தில் இருந்த ரோஸ் ஓட்டையில் சொருகியிருந்தது. ரோஸ் ஓட்டை மைக்குக்கு உரியது. மாற்றிச் சொருகியதும் மாப்பிள்ளை “ஹலோ” என்றது வீடே அதிரக் கேட்டது. மணி நான்கு முப்பத்தைந்து. பெரியப்பா எழுந்து திரையை நோக்கிக் கும்பிட்டு, அடுத்த வாரம் பேசிக்கொள்வோம் என்றார்.

அன்று எனக்கு அழுகையே வந்தது. ஒயரைப் பார் என்பது இரண்டாவது பாடம், அதிலேயே கோட்டை விட்டுவிட்டேன். அத்தைதான் என்னைத் தேற்றினாள். நெய் ஊற்றி முறுகலாகக் கோதுமை தோசை சுட்டு, தட்டு காலியாகக் காலியாக வைத்துக்கொண்டே இருந்தாள். தோற்றவளுக்கு இவ்வளவு உபசாரமா என்று நான் நினைக்கவில்லை. எப்படியும் கண்டுபிடித்துவிட்டேனே, அதற்குத்தான் என்று நினைத்தேன்.

அந்த வாரம் நடந்த பாடத்தில் அத்தை ஒரு கேள்வி கேட்டாள். கம்ப்யூட்டரில் தேதி தப்பாக இருந்தால் என்ன ஆகும்? அருமையான கேள்வி என்று பாராட்டிவிட்டு விளக்கினேன். பழைய தேதி இருந்தால் இன்டர்நெட் பக்கங்கள் நம்மை நம்பாது, பாதுகாப்பு இல்லை என்று சொல்லித் திறக்கவே திறக்காது, ஆனால் பார்ப்பவர்கள் தேதியைக் கவனிக்காமல் சிக்னலைத்தான் திட்டுவார்கள். எங்கள் சார்கூட ஒரு நாள் முழுக்க அப்படி ஏமாந்தார் என்றும் சொன்னேன். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு இன்டர்நெட் வரவில்லை.

எங்கள் வீட்டில் இன்டர்நெட் என்பது விரல் நீளத்தில் ஒரு டாங்கிள். ஒரு நீள ஒயரில் மாட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்த சன்னலில் அதைத் தொங்கவிட்டிருப்போம். மூடுபனி ஏறினால் சிக்னல் குறையும் என்பது ஊர் நம்பிக்கை. அன்று பார்த்து நல்ல பனி. அப்பா டாங்கிளைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் மேல தூக்குடா” என்றார் பெரியப்பா. அப்பா நாற்காலிமேல் ஏறி நின்று தூக்கினார். பின்னறையில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆம்லெட் கேட்க வந்து, இதையெல்லாம் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனார். சிக்னலோ நான்கு கோடும் முழுதாக இருந்தது. நான் அணைத்துப் போட்டேன், ஒயரை மாற்றினேன், தற்காலிகக் கோப்புகளையெல்லாம் அழித்தேன். தற்செயலாகத் திரையின் கீழ் மூலையைப் பார்த்தபோதுதான், எங்கள் கம்ப்யூட்டர் நான்கு வருடம் பின்னால் வாழ்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. அந்தத் தேதிக்கு நான் இரண்டாம் வகுப்பு.

தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது. மணி நான்கு பதினெட்டு. பன்னிரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. ஆனால் பெரியப்பா தலையை ஆட்டிவிட்டார்.

“ரெண்டு பேரு காலம்பூராச் சேந்திருக்கப் போறாக. அதப் பன்னெண்டு நிமிசத்துலயா பேசி முடிக்கிறது? அடுத்த வாரம் பாப்போம்.”

உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது, அதனால்தான் தேதி மறந்துபோகிறது என்று எல்லாருக்கும் விளக்கினேன். எல்லாரும் நம்பினார்கள். அத்தை எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டினாள்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கப் பத்து வருடம் ஆனது, அதுவும் அத்தையே சொல்லித்தான். பெரிய அண்ணன் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அதனால் கம்ப்யூட்டரை விட்டுச் சொல்ல வைத்தாள். ஒயரை மாற்றிச் சொருகியதும் அவள்தான், தேதியைப் பின்னால் தள்ளியதும் அவள்தான். நான்கரை மணி வரை எப்படியாவது தள்ளிவிட்டால் ஒரு வாரம் மூச்சு விடலாம். இரண்டு மூன்று வாரம் தள்ளினால் மாப்பிள்ளை வீட்டாரே சகுனம் சரியில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். பரீட்சை எழுதி முடித்து, இந்த மலையிலேயே ஒரு பள்ளியில் டீச்சராக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அந்த ஆசையைக் காப்பாற்றிக்கொள்ள என்னென்ன பழுது செய்யலாம் என்று அவளுக்கு வாராவாரம் சொல்லிக் கொடுத்தது நான். அந்தப் பழுதையெல்லாம் தேடிப் பிடித்துச் சரிசெய்ததும் நான்.

மூன்றாவது வாரம் என் மானப் பிரச்சினையாகிவிட்டது. காரணம், பஸ் ஏறும்போது பெரியப்பா சொல்லிவிட்டுப் போன வார்த்தை.

“பாப்பாவுக்கு இந்தச் சோலி சரிப்படல போலருக்கு. அடுத்த தடவையும் மக்கர் பண்ணுச்சுன்னா வத்தலக்குண்டுலருந்து மெக்கானிக்கக் கூட்டியாரேன்.”

மெக்கானிக்கா? என் கம்ப்யூட்டருக்கா? ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை அந்த வாரம் கேமராவைப் பற்றிக் கேட்டாள். கேமரா பழுதாகாமலே அதை வேலை செய்யாமல் நிறுத்திவைக்க முடியுமா என்றாள். முடியும், எந்தப் பட்டியலில் போய் எதைச் சொடுக்க வேண்டும் என்று காட்டினேன். எனக்கு இருந்த ஆத்திரத்தில், ஏன் கேட்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஒயர்கள் சரி. தேதி சரி. இன்டர்நெட் சரி. கேமராவில் என் மூஞ்சியையே பார்த்துப் பல்லைக் காட்டினேன், அதுவும் சரி. மூன்று மணிக்கு அம்மா தலை பின்ன வரச்சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு ஜடை பின்னும் நேரம்தான் நான் அந்த இடத்தில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கேமரா இருட்டு.

இந்தத் தடவை நான் பதறவில்லை. அணைத்துப் போடக்கூட இல்லை. நேராக அந்தப் பட்டியலைத் திறந்தேன். கேமராவின் பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி. யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். யாரோ என்பதை நான் யோசிக்கவே இல்லை. சரிசெய்யும் சுகத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி எழாது. சொடுக்கினேன், வெளிச்சம் வந்தது. நாற்காலியில் இருந்த பெரியப்பா குல்லாவைத் தூக்கிவிட்டுக்கொண்டு “அடி சக்கை” என்றார். வாசற்படியில் நின்ற அத்தையின் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு மாப்பிள்ளை வந்தார். முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். யாரோ ஒருவர் போர்வையைக் காலோடு இழுத்துக்கொண்டு திரையைவிட்டு ஓடினார். மாப்பிள்ளை எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். அத்தையைப் பார்த்து, “நல்லாருக்கீங்களா?” என்று கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அத்தை என்னவோ சொன்னாள். அவர் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். மறுபடியும் சொன்னாள். அவர் கையை விரித்தார்.

“கேக்கலயாம்ணே” என்றாள் அத்தை. மூன்று வாரத்தில் அவள் பெரியப்பாவிடம் வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

எல்லாருடைய கண்ணும் என்மேல் விழுந்தது. மைக்! அதை மட்டும் நான் சோதிக்காமல் விட்டிருந்தேன். மவுஸைப் பிடித்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அத்தை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “விட்டுரு பாப்பா” என்றாள்.

என் சிரமத்தைப் பார்த்து இரங்குகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் அவள் ஒளிந்துகொள்ளக் கிடைத்ததெல்லாம் நான்கு ஒயரும் ஒரு திரையும்தான், அதிலும் ஒவ்வொரு மூலையாகத் தேடி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது நான்.

“ரெண்டே நிமிசம் அத்தே. வெரசா முடிச்சுருவேன்” என்றேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒலிக்கான பெட்டியைத் திறந்து, பதிவு செய்யும் பக்கத்துக்குப் போனேன். மைக்கின் சத்தம் சுத்தமாகப் பூட்டப்பட்டு, ஸ்பீக்கர் படத்தின் ஓரத்தில் சிவப்புக் குறி நின்றது. தட்டினேன், சிவப்பு போனது. மைக்கை விரலால் சுண்டினேன். பச்சைக் கட்டங்கள் மளமளவென்று ஏறி இறங்கின. அந்தப் பச்சையைப் போல அழகான நிறத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மைக்கை எடுத்து அத்தையின் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

“இப்பப் பேசுங்க அத்தே. எது சொன்னாலும் கேக்கும்.”

அத்தை என்னைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு, தரையைப் பார்க்காமல், நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

“உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. எனக்குத்தான் இந்தக் கல்யாணம் வேண்டாம். பி.எட். முடிக்கணும், இங்கனயே டீச்சராகணும். அண்ணன்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு உங்கள மூணு வாரம் காக்க வச்சுட்டேன். மன்னிச்சுருங்க.”

நடுங்காமல், ஒரு சொல்லும் விழுங்காமல் சொன்னாள். பெரியப்பா குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தார். கேசரித் தட்டோடு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். திரையில் மாப்பிள்ளையும் அசையாமல் இருந்தார்.

சத்தம் மறுபடியும் போய்விட்டது என்று நினைத்தேன். இன்டர்நெட் தடைபட்டு, மாப்பிள்ளை முகம் அப்படியே உறைந்துவிட்டதோ? பச்சைக் கட்டங்களைப் பார்த்தேன், ஒயர்களை அழுத்திப் பார்த்தேன். மைக்கை என் வாய்க்கு இழுத்துக்கொண்டு கத்தினேன்.

“மாமா! அத்த சொன்னது கேட்டுச்சா?”

மாப்பிள்ளை மெதுவாக நிமிர்ந்தார்.

“கேட்டுச்சும்மா” என்றார். “நல்லாத் தெளிவாவே கேட்டுச்சு.”

அப்பாடா என்று இருந்தது. வத்தலக்குண்டு மெக்கானிக் இனி வேண்டியதில்லை. நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணிக்குமேல் இருந்தது, அதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். பாராட்டை எதிர்பார்த்துப் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். பெரியவர்கள் எல்லாரும் ஏதோ உடைந்துவிட்டதைப் போல உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மட்டும் கண் நிறையத் தண்ணீரோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மைக் வேலை செய்த சந்தோசத்தில்தான் சிரிக்கிறாள் என்று நானும் சிரித்தேன்.